சம்பந்திக்கு ஒரு தொக் பலகை

என் அக்காவின் புருஷன் ஜெராட்டை யாராவது வாயில்லாப் பூச்சி என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். தமிழில் தொடங்கினால் பூசை முடிந்து மாதா கோயில் கதவைச் சாத்திய பிறகும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார். பனி கொட்டினாலும் கதைப்பார். அக்கா காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போவாள். ஆனால் பிரெஞ்சு என்று வந்தால் மனிசன் ஊமை. பேசாலையில் பிறந்து, மொன்றியலுக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் ஊர் உலகத்தின் பெட்டிகளையெல்லாம் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். அங்கே அவருக்குத் தேவைப்பட்ட பிரெஞ்சு கொஞ்சம்தான்: கவனம், பாரம், உடைஞ்சு போச்சு, இஞ்சை இல்லை. பெட்டிகளோடு பழக இது போதும். சம்பந்தியோடு பழகப் போதுமா?

போதாது என்பது போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் சாப்பாட்டில், தெரிந்துவிட்டது.

அக்கா யோசெப்பினின் ஒரே மகள் ஜென்சி, எத்தியான் என்ற கெபெக் பொடியனைக் கட்டப்போகிறாள். பொடியன் தங்கம். என் கறியைச் சாப்பிட்டு மூக்கால் தண்ணீர் ஓட ஓட இன்னும் கேட்கிறவன். அவனுடைய தகப்பன் நோர்மானும் தாய் ஜினெத்தும் ஜோலியெத்தில் இருக்கிறார்கள். நத்தார் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். எங்கள் என்றால் அக்கா, அத்தான், ஜென்சி, நான். நான் றெஜினா. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் அக்காவுக்கு மேல்வீடு, எனக்குக் கீழ்வீடு. கார்டெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை என்பதால், மூக்குத் துடைக்கிற அளவுக்குப் பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சாப்பாடு முடிந்ததும் நோர்மான் ஒரு பெரிய மரப்பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாலு பக்கமும் நாலு நிறம், சுற்றிவரச் சின்னச் சின்னக் குழிகள், குழிகளில் கோலிக்குண்டு மாதிரிக் கண்ணாடிப் போளைகள். தொக் என்று பெயர். எங்கள் லூடோ மாதிரித்தான். தாயக்கட்டைக்குப் பதில் சீட்டுக்கட்டு. நோர்மானின் தகப்பன் தன் கையாலே செய்து நிறம் பூசிய பலகையாம். இப்படி வீட்டில் செய்கிற பலகைகள் ஒன்றுபோல ஒன்று இராதாம். நோர்மான் அதைச் சொல்லிவிட்டு, அத்தானுக்குக் கதிரையை இழுத்துப்போட்டு, விளையாட வாருங்கள் என்றார்.

அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "நோ நோ, மெர்சி."

வேறென்ன சொல்வார்! எங்கள் ஆட்களுக்கு முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்பதுதான் மரியாதை. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்றால் வேண்டாம். ரெண்டாம் தரம் கேட்டால், ஐயோ சோலி வேண்டாம். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இருத்தினால், சரி, அரைக் கோப்பை. அத்தான் மூன்றாம் தரத்துக்காகக் காத்திருந்தார். நோர்மானின் ஊரில் ஒரு தரம்தான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்; அதற்கு மேல் வற்புறுத்துவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. கதிரையில் வேறு யாரோ இருந்தார்கள். அத்தான் பின்னேரம் முழுக்க சோபாவில் அவர்கள் வீட்டு நாயோடு இருந்தார். நாயோடும் கதைக்கவில்லை, அதுவும் பிரெஞ்சு நாய்தானே.

திரும்பி வரும்போது காருக்குள் ஜென்சி அழுதாள்.

"அப்பா, நீங்க ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. உங்களுக்குத் தங்களைப் பிடிக்கேல்லையாம் எண்டு நோர்மான் எத்தியானிட்டைச் சொல்லியிருக்கிறார். இந்தக் கலியாணமே உங்களுக்கு விருப்பமில்லையோ எண்டு கேட்டவராம்."

 அத்தான் தமிழிலும் ஊமையாகிவிட்டார். அவருக்கு நோர்மானைப் பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். "அந்த மனிசன் பிளேட்டுகளைத் தானே கழுவினது, கண்டனீரோ?" என்று என்னிடம் வந்து வியந்தவர் அவர்தானே. ஆனால் எங்களுக்குத் தெரிந்து என்ன பயன்? ஓகஸ்டில் கலியாணம். அதற்கு முன்னால் நோர்மானுக்கல்லவா தெரியவேண்டும்.

மூன்று நாள் யோசித்துவிட்டு, அத்தான் கீழே என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சாள், உயிர்த்த ஞாயிறுக்கு அவையளை இஞ்சை கூப்பிடப்போறன். அந்தப் பலகையை நானே செய்யப்போறன். உம்மடை பேஸ்மென்ட் வேணும்."

"அத்தான், பிரெஞ்சு வகுப்புக்குப் போனால் இதைவிடச் சுகமாய் இருக்குமே?"

"அதுக்கு மூளை வேணும். இதுக்குக் கைதானே."

சரி என்றேன். அன்றைக்கே என் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப்பட்டறை முளைத்தது. மரத்தூள் பட்ட உடுப்போடு நான் கார்டெறிக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாகத் தும்மினார்கள். நல்ல காரியத்துக்குத் தும்மினால் தும்மட்டும்.

முதல் சிக்கல், பலகை எப்படி இருக்கும் என்பது. அத்தானிடம் இருந்தது ஒரேயொரு படம். நத்தாரன்று ஜென்சி ஃபோனில் எடுத்தது. அதில் எத்தியானின் சிரிப்பு இருந்தது, பாதி தின்ற ஆப்பிள் பை இருந்தது, தொக் பலகையும் இருந்தது. ஆனால் பலகையின் ஒரு பக்கத்தை ஜினெத்தின் முழங்கை மறைத்துக்கொண்டிருந்தது. ஜினெத் கைகால் பருத்த மனிசி. முழங்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"இன்ரநெற்றிலை பாருங்கோவன் அத்தான். ஆயிரம் பலகை கிடக்கும்."

"அது வேறை ஆக்களின்ரை பலகையள். எனக்கு நோர்மானின்ரை தகப்பன் செய்த மாதிரித்தான் வேணும். கண்டவுடனை தங்கடை வீட்டுப் பலகை எண்டு அந்த மனிசன் நினைக்கோணும்."

"அப்ப ஜென்சியைக் கொண்டு இன்னொரு படம் அனுப்பச் சொல்லி—"

"விசரே உமக்கு? பிறகெங்காலை அதிசயம்!"

இந்த அதிசயம் காட்டுகிற ஆசை இருக்கிறதே, ஆம்பிளைகளுக்கு அது சின்ன வயதிலேயே பிடிக்கிற நோய். ஜென்சிக்கும் சொல்லாமல், ஜோலியெத்திலும் கேட்காமல், பூதக்கண்ணாடி வைத்து அந்த முழங்கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் அக்கா வந்து, "அந்த மனிசியின்ரை கையை ஏன் இப்பிடி உத்துப் பாக்கிறியள்?" என்று கேட்டதும் நடந்தது.

இரண்டாம் சிக்கல், மரம். கடையில் விற்கிற பைன் பலகையைத் தட்டிப் பார்த்து, "இது பழப்பெட்டிக்குத்தான் சரி" என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் ஏதோ ஒன்றைப் பூப்போட்ட பெற்சீற்றில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். அவிழ்த்தால் நல்ல மேப்பிள் மரம். கன்னத்தை வைக்கலாம் போல வழுவழுப்பு.

"இந்தப் பெற்சீற்றை எங்கையோ கண்ட ஞாபகம், அத்தான்."

"நீர் ஒண்டும் காணேல்லை."

கண்டேன், நன்றாகவே கண்டேன். அது அக்காவின் சாப்பாட்டு மேசையின் நடுப்பலகை. ஆட்கள் கூட வந்தால் மேசையை இரண்டு பக்கமும் இழுத்து, நடுவில் பொருத்துகிற பலகை. வாங்கிய நாளிலிருந்து பெற்சீற்றில் சுற்றியபடி அலுமாரிக்குப் பின்னால் நின்றது. ஒரு நாளும் வெளியே வரவில்லை. அதனால் அதற்கு மேசையில் வேலை இல்லை என்று அத்தான் தீர்ப்பெழுதிவிட்டார். நான் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்போது வெடிக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அத்தான் வேலை செய்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். சதுரமாக அறுத்தார். ஜென்சியின் பழைய பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து கவராயத்தைத் தேடி எடுத்துக் கோடு கீறினார். குழிகள் அடியில் உருண்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் போளை ஆடும் என்று, ஒவ்வொரு குழியையும் துளைத்த பிறகு சாண்ட்பேப்பரை விரல்நுனியில் சுற்றிக்கொண்டு தேய்தேய் என்று தேய்த்தார். நாள் முழுக்கப் பாரம் தூக்கிய விரல் அது, தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. எண்ணெய் பூசிவிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். இரண்டு தரம் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் கையை நீட்டினார்.

பெயின்ற் நாலு நிறமும் சும்மா வந்தது. நீலம், கோயிலில் மாதா சுருவத்தின் முக்காட்டுக்குப் பூசிய மிச்சம். சிவப்பும் மஞ்சளும் திருநாளுக்குக் கொடிக்கம்பம் பூசியது. பச்சை எங்கள் பின்வளவு வேலி. மாதாவின் நீலத்தைப் போய் விளையாட்டுப் பலகைக்கோ என்று அக்கா பொரிந்தாள்.

"மாதா பிள்ளை பெத்தவதானே, பிள்ளையள் விளையாட வேண்டாமெண்டு சொல்லுவாவோ?" என்றார் அத்தான்.  அத்தானிடம் அக்கா தோற்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் அந்த முழங்கைப் பக்கம். அத்தான் கண்ணை மூடி யோசித்தார். ஜினெத்தின் கை இவ்வளவு நீளம், குழிக்குக் குழி இவ்வளவு இடைவெளி, ஆகவே கீழே இத்தனை குழி என்று ஒரு கணக்குப் போட்டார். துளைத்தார். வார்னிஷ் அடித்தார். பலகை மினுங்கியது.

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து வந்து அக்கா ஆட்டிறைச்சியும் கணவாயும் இறாலும் சமைத்து முடித்திருந்தாள். ஆட்கள் வர நேரமாகிவிட்டது. மேசையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தாள். நடுவில் பெரிய வெளி.

"இஞ்சருங்கோ, அலுமாரிக்குப் பின்னாலை அந்த நடுப்பலகை நிக்குது, எடுத்தாங்கோ."

அத்தான் அசையவில்லை. நான் சுவரோடு சாய்ந்து வசதியாக நின்றுகொண்டேன்.

"என்ன நிக்கிறியள்? எடுங்கோவன்!"

அத்தான் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்த தொக் பலகையைத் திறந்து, "இதுதான்" என்றார்.

அக்கா பலகையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ தெரியாது, கதவு மணி அடித்துவிட்டது. "ஆக்கள் போகட்டும். பேந்து இருக்கு உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு, அதே முகத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டு "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று கதவைத் திறந்தாள். இந்த வித்தை எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குக் கூடவே பிறந்தது.

மேசை சின்னதாகிவிட்டதால், எல்லோரும் மடியில் தட்டத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். நோர்மான் பெரிய மனிசன், சின்னக் கதிரை, மடியில் மலைபோலச் சோறு. ஒரு தரம் கேட்டதும் ஓம் என்கிற ஆள் எங்கள் அக்காவிடம் அகப்பட்டால் கதி என்ன? இன்னும் கொஞ்சம் என்றாள், போட்டுக்கொண்டார். இன்னும் என்றாள், போட்டுக்கொண்டார். வியர்த்து ஒழுகியது. மரியாதையாகச் சாப்பிட்டார், மரியாதையாகச் சிரித்தார், அத்தானின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அத்தானும் பார்க்கவில்லை. ஜென்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பிறகு அத்தான் எழுந்துபோய்ப் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஜினெத் "ஓ!" என்றாள். எத்தியான் விசில் அடித்தான். நோர்மான் எழுந்து வந்தார். பலகையின் ஓரத்தைத் தடவினார். குழிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விரல் சுற்றிவந்து நீலப் பக்கத்தில் நின்றது. பிரெஞ்சில் மெல்ல எண்ணினார். திரும்பவும் எண்ணினார். மகனிடம் ஏதோ கேட்டார்.

"அப்பா," என்றாள் ஜென்சி தயங்கித் தயங்கி, "இந்தப் பக்கம் ஒரு குழி கூடவாம்."

அத்தான் நத்தாரன்று எடுத்த அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். ஜென்சி ஃபோனைத் திறந்து நீட்டினாள். ஜினெத் எட்டிப் பார்த்தாள். தன் முழங்கையைக் கண்டாள், பலகையைக் கண்டாள், விளங்கிவிட்டது. "என்ரை கை!" என்று பிரெஞ்சில் கத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள் பாருங்கள், நிறுத்த முடியவில்லை. எத்தியான் சிரித்தான், நான் சிரித்தேன், கோபத்தில் இருந்த அக்காவும் சிரித்துவிட்டாள்.

அத்தான் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப்போய், "மக்குப் போட்டு அந்தக் குழியை அடைச்சுத் தாறன் எண்டு சொல்லு பிள்ளை," என்றார். பாவமாக இருந்தது எனக்கு. தோல் உரிந்த விரலைக் கண்டவள் நான் மட்டும்தானே. நோர்மானும் சிரிக்கவில்லை. அந்தக் கூடுதல் குழியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து, வேண்டாம், இருக்கட்டும் என்று தலையாட்டினார். பிறகு தானே சீட்டுக்கட்டை எடுத்துக் குலைத்துக்கொண்டு, அத்தானைப் பார்த்து ஒரு தரம், ஒரே ஒரு தரம், "விளையாடுவோமா?" என்று கேட்டார்.

அத்தானின் வாய் தன்பாட்டில் குவிந்தது. "நோ" என்று வரப்போகிறது. எனக்குத் தெரியும். என் குதிக்காலைத் தூக்கி அவர் பெருவிரலில் வைத்து அமத்தினேன்.

"உய்!" என்றார் அத்தான். அது வலியில் கத்தியதுதான். ஆனால் பிரெஞ்சில் அதற்கு ஓம் என்று அர்த்தம். நோர்மான் கதிரையை இழுத்துப்போட்டார்.

தகப்பன்மார் இருவரும் ஒரு சோடி, எதிரெதிரே. பிள்ளைகள் மற்றச் சோடி. அவர்கள் வீட்டு முறைப்படி ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் சோடிக்காரர் தங்களுக்குள் ஒரு சீட்டைக் கவிழ்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாய் திறக்கக்கூடாது. போளையை வீட்டிலிருந்து வெளியே எடுக்க ராசாவோ, ஏஸ் என்கிற ஆசுவோ வேண்டும். நோர்மானின் போளைகள் வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டன. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒன்றும் வரவில்லை. மனிசன் உதட்டைக் கடித்தார்.

இந்த இடத்தில்தான் அத்தானுக்குள் இருந்த முந்நூற்று நாலு விழித்தது. எங்கள் ஆட்கள் சீட்டாடும் அந்த ஆட்டமும் சோடி ஆட்டம்தான், வாய் திறக்கக்கூடாத ஆட்டம்தான். ஆகவே வாயைத் தவிர மற்ற எல்லாம் கதைக்கும். காதைச் சொறிந்தால் ஒன்று, செருமினால் ஒன்று, மூக்கைத் தடவினால் ஒன்று. களவு என்று யாரும் சொல்வதில்லை; பிடிபடாதவரை அது கெட்டித்தனம். கோயில் மண்டபத்தில் அத்தான் இதில் பேர்போனவர்.

அத்தான் நோர்மானைப் பார்த்துக் காதைப் பிடித்து இழுத்தார். நோர்மான் விழித்தார். திரும்பவும் இழுத்தார். காது வலியோ என்று ஜினெத் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அத்தான் செருமினார். சளித் தடிமன் என்று அக்கா கொத்தமல்லித் தண்ணீர் வைக்கப் போனாள். அத்தான் விடவில்லை. தன் கையிலிருந்த ஒரு சீட்டைக் கண்ணால் காட்டி, காதை இழுத்து, அந்தச் சீட்டை நோர்மானிடம் தள்ளினார். நோர்மான் எடுத்துப் பார்த்தார். ராசா.

நோர்மான் சீட்டைப் பார்த்தார், அத்தானின் காதைப் பார்த்தார். நரைத்த மீசைக்குக் கீழே ஏதோ மெல்ல அசைந்தது. அவருடைய போளை வெளியே வந்தது.

அடுத்த ஆட்டத்தில் நோர்மான் தன் காதைப் பிடித்து இழுத்தார். அத்தானிடம் ராசா இல்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டு, செருமிக்கொண்டு ஆசுவைத் தள்ளினார். அதற்கடுத்த ஆட்டத்தில் நோர்மானுக்கும் இருமல் தொற்றிவிட்டது. இரண்டு கிழவர்களும் ஆசுபத்திரி வாசலில் இருப்பவர்கள் மாதிரி மாறி மாறி இருமிக்கொண்டு, காதை இழுத்துக்கொண்டு, பிள்ளைகளின் போளைகளை வெட்டித் தள்ளினார்கள். ஒரு சொல் கிடையாது. அத்தான் தோள் குலுங்கச் சிரித்தார். நோர்மானின் முகம் சிவந்து கண்ணீர் வந்தது. அக்காவின் கொத்தமல்லித் தண்ணீரை இரண்டு பேரும் அப்பாவிகளைப் போல வாங்கிக் குடித்தார்கள்.

ஜென்சிக்குத் தகப்பனைத் தெரியும். சீட்டை மேசையில் அடித்தாள்.

"அப்பா! கள்ளம் செய்யிறியள்! இது முந்நூற்று நாலு இல்லை!"

என்ன நடக்கிறது என்று எத்தியானுக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். காது என்றால் ராசா, செருமல் என்றால் ஆசு என்று எல்லாவற்றையும் போட்டுடைத்தாள். எத்தியான் தகப்பனைப் பார்த்தான். சிரிப்பெல்லாம் நின்றது. அத்தான் பயந்துபோனார். சம்பந்தி வீட்டாரின் விளையாட்டில் முதல் நாளே களவு. பிடித்துக் கொடுத்தது பெற்ற மகள்.

நோர்மான் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். ஜென்சியின் பக்கம் திரும்பி மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது, ஆனால் சொல்லவேண்டியவள் நானில்லை. கேட்கக் கேட்க ஜென்சியின் கண் நிறைந்தது.

"என்னவாம் பிள்ளை? கோவிச்சிட்டாரோ?"

"இல்லையப்பா." மூக்கை உறிஞ்சினாள். "நத்தாருக்குப் பிறகு, உன்ரை அப்பாவுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன் எண்டார். பிடிக்காத ஒருத்தனுக்காக ஆரும் களவு செய்வினமோ எண்டு கேக்கிறார்."

 அத்தான் தன் கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு ராசா இருந்தது. அதை எடுத்து, இந்த முறை கவிழ்க்காமல், எல்லோருக்கும் தெரிய, முகம் மேலே பார்க்க நோர்மானுக்கு முன்னால் வைத்தார்.

அது ஆட்டத்தில் செல்லாது என்று எத்தியான் கத்தினான். அவனை யாரும் கவனிக்கவில்லை.